தாபதமும் தபுதாரமும்

தொல்காப்பியர் காஞ்சித்திணைக்குரிய துறைகளை வகுத்த இடத்துக் கணவனை இழந்தாள் நிலைக்குத் தாபதம் என்றும், மனைவியை இழந்தான் நிலைக்குத் தபுதாரம் என்றும் பெயர் தந்தனர். பின்னைய சொல் இலங்கை அரசாங்கத்தின் ஓய்வூதியத் தமிழில் இன்றும் உயிருடன் வழங்குகின்றது. மனைவியை இழந்த ஓய்வூதிய உரிமையாளர் அங்கே ‘தபுதாரர்’ எனப்படுவர். இலக்கணம் இருபாலார் இழப்பையும் ஒருங்கு வைத்தெண்ணிற்று. சட்டமோ அந்நிலையை எய்த நெடுங்காலம் சென்றது. 1898ஆம் ஆண்டின் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதிக் கட்டளைச் சட்டம் ஆண் உத்தியோகத்தர் விட்டுச்சென்ற மனைவி மக்களையே கருதிற்று. உத்தியோகம் பார்த்த பெண் இறந்தவழி அவள் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை அளித்தது 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமே.

இத்தாமதம் மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழ்வார்க்குப் பெரிதும் முரணாகத் தோன்றும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடிமரபு தாய்வழியாகவே எண்ணப்படுவது. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இஃது ஒக்கும். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்பட, மணமகன் அவ்வீட்டிற்கு வந்து சேர்வதே வழக்கம். கணவன் இறப்பினும் மனைவி தன் மனையைவிட்டு அகலவேண்டியவள் அல்லள். கைம்பெண்ணைப் பிறர் மனையில் ஒண்டி வாழ்பவளாக உருவகிக்கும் எந்தச் சட்டமும் இந்நிலத்தின் இல்லறத்தை முழுதும் உணர்ந்ததாகாது.

கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் வெளியிட்ட முக்குவச் சட்டம் பற்றிய நூல் இம்மரபை ஆராய்வார்க்கு முதன்மையான சான்றாகும். முதுசம் வேறு, தேடிய தேட்டம் வேறு எனப் பகுத்து, முதுசம் சகோதரியின் மக்களைச் சாரும் முறையை அந்நூல் விளக்குகின்றது. அதே 1876ஆம் ஆண்டிற் பிறந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தால் அம்முறை நீதிமன்றத்தில் வலுவிழந்தது. வழக்கு ஏட்டில் ஏறிய ஆண்டே அது மன்றேறும் தகுதியை இழந்த ஆண்டுமாயிற்று. எனினும், பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஒழுகலாறு சட்டத்தின் துணையின்றியே நிலைத்துவிட்டது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். எஞ்சினோர் ஓய்வூதியம் முதுசமும் அன்று. தேடிய தேட்டமும் அன்று. வயலையும் வளவையும் மரணசாதனத்தால் எவர்க்கும் எழுதிவைக்கலாம். ஓய்வூதியத்தை அவ்வாறு எழுதிவைத்தல் இயலாது. சட்டம் பெயர் சுட்டிய மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் என்போர்க்கே அஃது உரியது. தாயும், மணமாகாத சகோதரியும், மருமக்களும் இறந்தவனின் சம்பளத்திலேயே உண்டு வாழ்ந்தவராயினும் அவ்வரிசையில் இடம்பெறார். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியோ வேறு இயல்பினது. அதில் உறுப்பினர் தாமே பின்னுரித்தாளரை நியமிக்கலாம். வாவியில் வலைவீசுவார்க்கு 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும், உழவர்க்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஏற்பட்ட திட்டங்கள் சந்தா செலுத்திச் சேர்ந்தாரை மட்டுமே சாரும். ஆகவே உரிமையின் வேர் ஓரிடத்தில் மணம், ஓரிடத்தில் நியமனம், மற்றோரிடத்தில் சந்தா. இம்மூன்றையும் வேறுபிரித்து அறியாதார், உரியதைக் கேளாது விடுதலும் உரியதல்லாததை எதிர்பார்த்து ஏமாறுதலும் இயல்பு. மணத்தைப் பதிவுசெய்யாத குடும்பங்களின் இடர் இன்னும் பெரிது; ஊரறிந்த மனைவியும் அலுவலகத்தின்முன் தன் மனைவிமையை நிறுவவேண்டியவள் ஆகின்றாள்.

முக்குவ வழமை வயிற்றுறவை நோக்கிற்று; ஓய்வூதியச் சட்டம் மணவுறவை நோக்குகின்றது. இறந்தவனை நம்பி வாழ்ந்தவர் யாவர் என்னும் வினாவை இரண்டும் நேரே வினவவில்லை. இதுவே இரண்டிற்கும் பொதுவாகிய குறை. தாய்வழி வீட்டில் கைம்பெண்ணும் அவள் தாயும் தங்கையும் ஒரே அடுப்பில் உண்பதால், ஒருத்தி பெறும் ஓய்வூதியம் நடைமுறையிற் பலரைத் தாங்குகின்றது. சட்டம் விட்ட இடத்தை வழக்கம் நிரப்புகின்றது. ஆயினும் வழக்கத்தின் அருளை உரிமை எனல் ஆகாது.

இந்நிலம் அறிந்த துயரம் மற்றொன்றும் உண்டு. போர்க்காலத்திற் கணவர் காணாமற்போக, இறப்புச் சான்றிதழும் இன்றி வாழ்ந்தோர் பலர். அவர் நிலை தாபதத்துள்ளும் அடங்காது, மனையறத்துள்ளும் அடங்காது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அத்தகையோர்க்கு இறப்பைப் பதிவுசெய்ய வழிதந்தது. இறந்தார் என்று ஒப்பமிட மனம் ஒருப்படாதார்க்கு 2016ஆம் ஆண்டின் திருத்தம் காணப்படாமைச் சான்றிதழை அளித்தது. நம்பிக்கையைக் கைவிட்டால் மட்டுமே உதவி என்னும் கொடுமையை அத்திருத்தம் ஒருவாறு தணித்தமை பாராட்டத்தக்கது.

துறைகளுக்குப் பெயரிட்ட பழைய ஆசிரியர் இழந்தவரின் நிலையை முதலில் நோக்கினர். ஓய்வூதிய உரிமையை வகுப்போரும் இறந்தவருக்கு உறவினர் எவர் என்பதோடு அமையாது, எஞ்சினோர் எவர், அவர் எதனை இழந்தார் என்பதையும் நோக்குதல் கடன். சொல்லைத் தொல்காப்பியத்திலிருந்து கடன்கொண்ட திணைக்களம் அதன் நோக்கையும் கொள்ளுமாயின், அச்சொல் தன் முழுப்பொருளை எய்தும்.