காகத்தின் கழுத்தைப் பாருங்கள்

நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிவப்பையும் பொன்னையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். அவலும் கடலையும் வாங்குவார்கள். போய்விடுவார்கள். சனீஸ்வரனின் காகமும் வைரவரின் நாயும் துர்க்கையின் காலடியில் கிடக்கும் எருமை அசுரன் மகிடனும் எவர் கண்ணிலும் படுவதில்லை. "கறுப்பிலை பார்க்க என்ன இருக்கு?" என்கிறார்கள். அந்தப் படிகளில் மிகக் கடினமான வேலையே அந்தக் கறுப்புத்தான்.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வயலில் நிற்கும் எருமைக்கு வெயிலே நிழல் போட்டுக்கொடுக்கும். மூன்று அங்குல எருமைக்கு அந்த உதவி கிடைக்காது. வர்ணம் தீட்டுபவர்தான் நிழலையும் வெளிச்சத்தையும் தூரிகையால் வைக்க வேண்டும். சிவப்புக்கு இருண்ட சிவப்பு நிழலாகும். கறுப்புக்கு அதைவிட இருண்டது எது? அதனால் கெட்டிக்காரர் கருஞ்சாம்பலில் தொடங்குவார். தனிக்கறுப்பைக் கமுக்கட்டுக்கும் காதுக் குழிக்கும் மட்டும் மிச்சம் பிடித்து வைப்பார். 2014இல் இங்கிலாந்தில் அறிமுகமான வான்டாபிளாக் என்ற பூச்சு, தன்மேல் விழும் ஒளியில் 99.965 சதவீதத்தை விழுங்கும். அதைப் பூசிய உருவத்தில் மூக்கும் கன்னமும் மறைந்து வெறும் ஓட்டைதான் தெரியும். முழுக்கறுப்பு உருவத்தைத் தின்றுவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கொலுவில் இந்த நிழலைக் காண, சோடனை மின்குமிழ்களை அணைக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். அடிப்படை அவ்வளவுதான்.

இனி உண்மையான சங்கதிக்கு வருவோம். கறுப்பு ஒன்றல்ல, இரண்டு: காகக் கறுப்பு, பனங்காய்க் கறுப்பு. காகம் வெயிலில் சிறகைத் திருப்பினால் நீலம் ஓடும். பழுத்த பனங்காயைக் கையில் எடுத்தால், காம்புப் பக்கம் அந்தக் கறுப்பு செம்மண்ணுக்கும் மஞ்சளுக்கும் இறங்கும். ஒன்று குளிர்ந்த கறுப்பு, மற்றது சூடான கறுப்பு. வர்ணப் பொடியிலும் இதே பிரிவு உண்டு. விளக்குக் கரியில் நீலச்சாயல்; எலும்புக் கரியில் மண்ணிறச்சாயல். எருமைத் தோலுக்கும் நாயின் உடம்புக்கும் பனங்காய்தான் பொருந்தும். கூந்தலில் இரண்டும் உண்டு: நல்லெண்ணெய் வைத்து வாரிய தலை வானத்தை வாங்கி நீலம் காட்டும், எண்ணெய் காணாத தலை மண்ணிறத்துக்குப் போகும். ஆகவே துர்க்கையின் கூந்தலும் தோற்று விழும் மகிடனின் தலைமயிரும் ஒரே பெயின்ற் பேணியிலிருந்து வந்திருந்தால், அந்தப் பொம்மை இன்னும் முடியவில்லை. விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

இப்போது எல்லாவற்றுக்கும் எனாமல் மினுக்கம் பூசுகிறார்கள். மினுக்கம் வேறு, வெளிச்சம் வேறு. நாயின் மூக்கு நுனியிலும் கண்ணிலும் ஒரு பொட்டு மினுக்கம் வைத்தால் நாய்க்கு உயிர் வரும். உடம்பெல்லாம் பூசினால் அது மழையில் நனைந்த நாய். விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு இழுக்கும் மோஸ்தரும் கைத்தொலைபேசிக் காணொளிகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. படத்தில் எடுபடும், கையில் எடுத்தால் கரும்பலகையில் சோக்கால் கீறியது போலிருக்கும். விமர்சகர்களோ கைகளை எண்ணுகிறார்கள், ஆயுதங்களை எண்ணுகிறார்கள், இலட்சணம் பேசுகிறார்கள். நிறத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எந்தக் கொலுவுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது சனீஸ்வரனின் காகத்தைத்தான். எங்கள் முற்றத்தில் சோற்றுக்கு வரும் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். தினமும் காண்கிறோம், ஆனால் பொம்மைக் காகம் அலகிலிருந்து வால்வரை ஒரே கறுப்பு. அந்தக் கழுத்தில் சாம்பலைக் கண்டால், இதைத் தீட்டியவர் பேணியைப் பார்த்துத் தீட்டவில்லை, காகத்தைப் பார்த்துத் தீட்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். பிறகு அந்தக் கொலுவில் ஒரு மணித்தியாலம் நிற்பேன்.

இந்த நவராத்திரிக்கு அவல் கைக்கு வருமுன் காகத்தின் கழுத்தைப் பாருங்கள். சாம்பல் இருந்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். மானம்பூவுக்கு முன்னர் வந்து பார்த்துவிட வேண்டும்.