இரண்டு லைன், ஒரே போன்

அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் சுவருக்குள் ஓடும் தொலைபேசிக் கம்பியில் நான்கு இழைகள்: சிவப்பும் பச்சையும் முதல் லைனுக்கு, கறுப்பும் மஞ்சளும் இரண்டாவதற்கு. ஆர்ஜே-14 சாக்கெட் ஒன்றிலேயே வீட்டு லைனும் அலுவலக லைனும் வந்து சேரும். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் இரண்டு லைன் போனின் தரம் தெரிவது ஸ்பீக்கரில்தான். மலிவான கருவி ஒரு நேரத்தில் ஒரு பக்கக் குரலைத்தான் விடும். நாம் ‘ம்’ கொட்டினாலே எதிர்முனைப் பேச்சு அறுந்துபோகும். ஃபுல் டூப்ளெக்ஸ் கருவியோ, ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பும் எதிரொலியைக் கணித்துக் கழித்துவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், சிரிக்கலாம். எவ்வளவு பெரிய வசதி! ஹோல்டு, கான்ஃபரன்ஸ் பொத்தான்கள் பெரும்பாலும் இருக்கும். வாங்குமுன் ஃபுல் டூப்ளெக்ஸ்தானா என்று கேட்டுவிடுங்கள்.