பினோதினியின் தன்வரலாறு

வங்க நாடக மேடையின் வரலாற்றை எழுதுவோர் கிரீஷ் சந்திர கோஷைப் பல பக்கங்களில் போற்றுவர். அவரிடம் பயின்ற பினோதினி தாசியை ஒரு பத்தியில் முடித்துவிடுவர். 1912இல் வெளிவந்த அவ்வம்மையாரின் ‘ஆமார் கொதா’ (‘என் கதை’) என்னும் தன்வரலாற்றைப் படித்தபின் அவ்வளவு நமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

கல்கத்தாவின் பெங்கால் தியேட்டர் 1873இல் பெண்களை மேடையேற்றியது. குடும்பப் பெண்கள் நடிக்க வாராத காலம். கணிகையர் தெருக்களிலிருந்தே நடிகையர் வந்தனர். மறு ஆண்டு, ஏறக்குறைய 11 வயதில், மாதம் 10 ரூபாய்ச் சம்பளத்திற்கு கிரேட் நேஷனல் தியேட்டரில் சேர்ந்தார் பினோதினி. 1875இல் அக்குழு தில்லி, லாகூர், லக்னோ என வடநாட்டுப் பயணம் புறப்பட்டது.

நூலின் உயிர்நாடி இப்பயணப் பகுதியே என்போம். பிருந்தாவனத்தில் குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்கப்போய்க் குரங்குக் கூட்டத்திடம் அச்சிறுமி சிக்கிக்கொண்டதும் அதில் உண்டு. லக்னோவில் ‘நீல தர்ப்பணம்’ நடந்த இரவும் உண்டு. அவுரித் தோட்டத் துரையைக் குடியானவன் அடிக்கும் காட்சியில், பார்த்திருந்த வெள்ளையர் கொதித்தெழுந்து மேடையை நோக்கிப் பாய்ந்தனர். நாடகம் நின்றது, குழு ஊரைவிட்டே வெளியேறிற்று. இவற்றை எழுதுகையில் அவர் நடை துள்ளுகிறது. பிற இடங்களில் தம்மைப் பாவி என்று அவர் ஓயாது நொந்துகொள்வது சலிப்பூட்டுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

1883இல் குர்முக் ராய் என்னும் செல்வர் பினோதினியைத் தமக்குரியவராக்கிக் கொள்ளும் நிபந்தனையில் புதிய அரங்கொன்று கட்ட முன்வந்தார். கலைக்காக இசைந்தார் அவர். அரங்கு தம் பெயர் தாங்கும் என்று உடன் நடித்தோர் சொன்ன வாக்கையும் நம்பினார். பதிவானதோ ‘ஸ்டார்’ என்னும் பெயர்! (கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு, பதிவேட்டில் பெயர் மாறுவதன் பொருள் நன்கு விளங்கும்.) அந்த மேடையில்தான் 1884இல் அவர் சைதன்யராக நடித்ததை இராமகிருஷ்ண பரமஹம்சர் கண்டு வாழ்த்தினார். 1887 தொடக்கத்தில், 24 வயதும் நிரம்பாத நிலையில், மேடையை விட்டார். அதன்பின் 1941 வரை வாழ்ந்தார். 2024 இறுதியில்தான் ஸ்டார் அரங்குக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அதுவும் 1888இல் எழுந்த வேறு கட்டடம். அவர் நடித்தது அன்று.

நூலுக்கு முன்னுரை தந்தவர் கிரீஷ் கோஷ். உண்மைகள் பல விடுபட்டன என்று மாணவி அதை ஏற்கவில்லை. கசப்பான உண்மையை எங்கும் சொல்லலாகாது என்றார் ஆசான். வேறு எழுதித் தருமுன் 1912இல் அவர் மறைந்தார். பின்வந்த பதிப்பில் அம்முன்னுரையை அச்சேற்றிய பினோதினி, தாம் அதை மறுத்த காரணத்தையும் உடன் எழுதிச் சேர்த்தார்.