புறநானூற்றில் ஒரு தோல்வினைஞன்

சங்கச் செய்யுட்களில் செருப்பு அரிய பொருளன்று. பட்டினப்பாலை தொடுதோல் அணிந்த எயினரைக் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படை, செருப்பு இடையறாது உராய்ந்தமையால் இடையனது அடியிற் பதிந்த வடுவையும் மறவாது சொல்கின்றது; வணிகச் சாத்தினர் அடியை மறைத்துக் காத்த செருப்பினை 'அரணம்' என்கின்றது. பதிற்றுப்பத்தின் 21ஆம் பாட்டில் செருப்பு என்னும் மலையைக் குறிக்கப் புகுந்த பாலைக் கௌதமனார், அது காலால் மிதிக்கப்படும் செருப்பன்று என அடைகொடுத்து விலக்குகின்றார். விலக்க வேண்டிய அளவிற்கு அச்சொல் அன்றே வழக்கில் ஊன்றியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், அணிந்த அடியைக் கண்ட இவ்விடங்கள் தைத்த கையைக் காணவில்லை. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையும் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் தோலின் துன்னரைப் பெயரளவில் நிறுத்தி மேற்செல்கின்றது. அக்கையினை அணுகி நின்று நோக்கிய பாட்டு, சாத்தந்தையார் பாடிய புறநானூற்று 82ஆம் பாட்டாகும். ஆண்டுக் காணப்படுவது செருப்புத் தைக்கும் கையன்று. கட்டிலுக்கு வார் பிணிக்கும் கை. ஆயினும் ஊசியும் தோலும் இருவினைக்கும் பொது. அப்பாட்டின் உவமைத் திறத்தையும், அதனுள் நிற்கும் ஒரு முரணையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டின் தலைவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஆமூர் மல்லனைப் பொருது வென்றமையை 80ஆம் பாட்டும் கூறும். 82ஆம் பாட்டு ஆறே அடிகளை உடையது. ஊர்கொள வந்த பகைவனோடு அவன் செய்த போர், தோல்வினைஞன் கை ஊசியினும் விரைந்தது என்பதே அதன் கருத்து. விரைவு என்னும் பொதுத்தன்மையைப் புலவரே கிளந்து கூறிவிட்டமையின், விரைவுவமை என்று கூறி அமைவாரும் உளர். அவ்வளவில் அமைதல் சாலாது.

விரைவு மட்டுமே கருத்தாயின், விசையுடைய அம்பும் பாயும் குதிரையும் புலவர்க்கு எளிதிற் கிடைத்திருக்கும். அவற்றை விடுத்து ஊசியைக் கொண்டமைக்குக் காரணம் வேண்டும். அவ்வினைஞனைச் சுற்றிப் புலவர் அமைத்த சூழலே அக்காரணத்தைக் காட்டுகின்றது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனையில் மனைவி மகப்பேற்று நோயுற்றிருக்கின்றாள், மழை பெய்கின்றது, ஞாயிறு மறைகின்றது. ஊர் ஒருபுறம் அழைக்க, இல்லம் மறுபுறம் அழைக்க, ஈரமும் இருளும் வினைக்கு இடையூறாக நிற்கின்றன. நனைந்த வார் நெகிழும். ஒளி குறைந்துழி ஊசி விரலிற் பாயும். இந்நிலையில் வெறும் விரைவு வினையைக் கெடுக்குமேயன்றி முடிக்காது. பிழையாமையோடு கூடிய விரைவே ஆண்டு வேண்டப்படுவது. மற்போரில் பிடி தவறியவன் தோற்பான் ஆதலின், கிள்ளிக்கு வேண்டியதும் அதுவே. கிளந்து கூறிய பொதுத்தன்மை விரைவு. கிளவாது உய்த்துணர வைத்த பொதுத்தன்மை தவறாமை என்க.

இனி, முரணுக்கு வருவோம். உவமை உயர்ந்த பொருளாதல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமவியல் கூறும் விதி. இப்பாட்டிலோ உவமையாக வந்தவனைப் புலவர் 'இழிசினன்' என்னும் பெயராற் சுட்டுகின்றார். முதுகலை வகுப்பொன்றில் இப்பாட்டை யான் நடத்தியபோது ஒரு மாணவர் எழுந்து, "உவமை உயர்ந்ததாயின், பெயர் ஏன் தாழ்ந்தது?" என்று வினவினார். அன்று யான் இலக்கண விடையொன்று கூறி அமைந்தேன். தொல்காப்பியர் உவமைக்குரிய நிலைக்களங்களுள் 'கிழக்கிடு பொருள்' என ஒன்றனையும் கூட்டியுள்ளார். இஃது அதன்பாற் படும் என்பதே அவ்விடை.

அவ்விடை பொருந்தாது என்று இன்று கருதுகின்றேன். கிழக்கிடு பொருள் ஒன்றனைத் தாழ்த்துதற்கண் வருவது. இப்பாட்டோ வென்ற வேந்தனைப் புகழ எழுந்தது. தாழ்ந்த பொருளினும் விரைந்தான் என்பது புகழாகாது. ஒப்பற்றது எனப் பலரும் அறிந்த ஒன்றனை விஞ்சினான் என்றாலன்றோ புகழாகும்? ஆகவே அவ்வூசியின் விரைவு கேட்போர் அனைவரும் ஒப்பிய உயர்வாக இருந்திருத்தல் வேண்டும். இவ்வுவமைக்குச் 'சிறப்பு' என்பதே நிலைக்களமாகும். உவமவியல் விதி ஈண்டுப் பிழைபடவில்லை. தொழிலளவில் அக்கை உயர்ந்ததே. தாழ்ந்தது சமுதாயம் இட்ட பெயரொன்றே.

சாத்தந்தையார் 287ஆம் பாட்டில் துடியெறியும் புலையனையும் பறைக்கோல் கொண்டவனையும் விளித்து, போர்க்களத்து மறவர் அஞ்சாமையை எடுத்துரைக்கின்றார். ஆண்டும் 'இழிசினன்' என்னும் பெயரே விளியாகின்றது. வீரத்தை அறிவித்தற்கு உரியவனாக ஒருவனை முன்னிறுத்திக்கொண்டே அப்பெயரால் அழைக்கின்றார். கண்ணால் உயர்வைக் கண்ட புலவரும் வாயால் வழக்கை மீறவில்லை என்பதற்கு இவ்விரு பாட்டுக்களும் சான்று.

இங்ஙனம் கூறுதல் புலவரைக் குறைகூறுதல் ஆகாது. அச்சொல்லை விட்டுப் பாடம் நடத்துதலும் நேர்மையாகாது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது; எனினும் தோல்வினைஞர் மரபில் வந்த மாணவர் வகுப்பில் அமர்ந்து அச்சொல்லைக் கேட்கும்போது, அது பழஞ்சொல்லாக மட்டும் ஒலிப்பதில்லை. எனவே உரை சொல்வார்க்குக் கடன் இரண்டு உள. பெயரில் உள்ள இழிவை மறையாது காட்டல் வேண்டும். அப்பெயரைப் பொய்யாக்கும் கைத்திறனையும் உடன் காட்டல் வேண்டும். வேந்தனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று பாட்டுச் சொல்லவில்லை. தோல்வினைஞனுக்கோ மனைவியும் மனையும் கவலையும் உண்டு என்று சொல்கின்றது. ஆறடியுள் மனிதனாக நாம் அறிய நேர்வது அவனையே.