நெறியின் வல்லமையும் அயலார் பார்வையும்

படைபலத்தாலும் பொருள்பலத்தாலும் அன்றி, தான் போற்றும் விழுமியங்களாலேயே உலகின் போக்கை மாற்றும் ஆற்றல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உண்டு என்னும் கருத்தை, 2002ஆம் ஆண்டு இயன் மேனர்ஸ் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார். இதனை 'நெறிசார் வல்லமை' எனத் தமிழில் வழங்கலாம். எது இயல்பானது என்பதை உலகுக்கு வரையறுத்துக் கொடுப்பதே பேராற்றல் என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று மரண தண்டனை ஒழிப்பு.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒன்றியத்தில் சேர விழைந்த துருக்கி, 2002இல் அமைதிக்காலக் குற்றங்களுக்கும் 2004இல் அனைத்துக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை நீக்கியது. ஆயினும், உறுப்புரிமை என்னும் பரிசு அப்போது கண்ணெதிரே இருந்தது. ஈர்த்தது நெறியா, பரிசா என்று பிரித்தறிவது எளிதன்று.

இக்கோட்பாட்டின் பெருங்குறை வேறோரிடத்தில் உள்ளது. நெறியை உரைப்போரின் இயல்பை ஆராயும் அளவுக்கு, கேட்போரின் பார்வையை அது ஆராயவில்லை. 2006 ஜனவரியில் நடந்த பாலஸ்தீனத் தேர்தலை முறையானதென ஐரோப்பியப் பார்வையாளர்கள் ஏற்றனர். ஹமாஸ் வென்று அரசமைத்ததும், ஏப்ரலில் அவ்வரசுக்கான நேரடி உதவியை ஒன்றியம் நிறுத்தியது. வன்முறையைக் கைவிடுதல், இஸ்ரேலை ஏற்றல் முதலிய நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்பது அதன் விளக்கம். தேர்தல் நெறி வெல்பவரைப் பொறுத்ததே என்பது அரபு மக்கள் பலர் கொண்ட பொருள். இடம்பெயர்ந்தோர்க்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்கும் சட்டமும் அவ்வாறே. 2001இல் இயற்றப்பட்ட அது, 2015இல் சிரிய அகதிகள் திரண்டு வந்தபோது பயன்படுத்தப்படவில்லை. 2022இல் உக்ரேனியருக்காகவே முதன்முறையாகச் செயலுக்கு வந்தது.

இவற்றைக் காட்டி, 'விழுமியங்கள் அனைத்தும் வேடமே' என்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. நிறுத்தது தவறு என முறையிடுவோர், தராசு வேண்டாம் என்று கூறுவதில்லை. உண்மையான இழப்பு, தத்தம் நாடுகளில் இந்நெறிகளுக்காகக் குரல் கொடுத்துச் சிறைசெல்வோர்க்கே நேர்கிறது. அவர்களை 'அயலாரின் கைப்பாவைகள்' என ஆட்சியாளர் இகழ்வதற்கு இந்த ஓரவஞ்சனை துணைபோகிறது.

ஆகவே, பிரஸ்ஸல்ஸில் எழுதப்படும் ஆவணங்களோடு, அவை கெய்ரோவிலும் காஸாவிலும் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்தே இக்கோட்பாட்டை எடைபோட வேண்டும் எனக் கருதுகிறோம்.