கோட்டையில் இல்லாத கைலி

ஆர்.கே.பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போவதென்றால் திருவள்ளூர் மாவட்டத்தை மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை குறுக்கே கடந்தாக வேண்டும். திருத்தணி, திருவள்ளூர், பொன்னேரி எனப் பேருந்து மாறிச் சென்று, தறிச் சத்தம் காதைவிட்டு நீங்கி உப்புக் காற்று முகத்தில் படும்போது பொழுது உச்சிக்கு வந்துவிடுகிறது. கோட்டை காட்டுகிறோம் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தோம். இறங்கியதும் அவர்கள் கேட்ட முதற் கேள்வி, "கோட்டை எங்கே?" என்பதே.

நியாயமான கேள்விதான். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் இங்கே காலூன்றிய டச்சுக்காரர், 1612இல் போர்த்துக்கேயர் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு 1613இல் எழுப்பியது கெல்டிரியாக் கோட்டை. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். இன்று இருப்பவை புதர் மண்டிய மேடும் அகழியின் தடமுமே. ஆயினும் டச்சுக்காரரின் இடுகாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் செம்மையாக நிற்கிறது. அதன் வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பிள்ளைகள் அச்சமும் களிப்பும் கலந்து பார்த்தார்கள். கல்வெட்டுக்களின் எழுத்து வேலை உண்மையிலேயே அழகு. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

கோட்டையைப் பார்க்காத குறையைப் போக்க, மற்றொரு நாள் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1795ஆம் ஆண்டுக் கட்டடம். 1948இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வாள்கள், துப்பாக்கிகள், பதக்கங்கள், நாணயங்கள், சீனக் களிமண் பாத்திரங்கள், மன்னர்களின் ஓவியங்கள், காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை என எல்லாம் ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. குறை சொல்ல வேண்டுமென்றே சென்றவர்கள் அல்லர் நாம். ஆயினும் கூடம் கூடமாக நடந்து வெளியே வந்தபோது ஒரு வினா நம்மைவிட்டு அகலவில்லை. இவர்கள் எதற்காக இத்தனை தொலைவு கப்பலேறி வந்தார்கள்? அந்தக் கூடங்களில் அதற்கு நேரான விடை நம் கண்ணில் படவில்லை.

துணிக்காக வந்தார்கள். 1639இல் பிரான்சிஸ் டே சென்னைக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம் இங்கே துணி மலிவாகக் கிடைத்ததே. பழவேற்காட்டின் கதையும் அதுவே. போர்த்துக்கேயர் பார்போசா பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பயணக் குறிப்பில், இவ்வூரை முஸ்லிம்களும் இந்துக்களும் வாழும் வணிகத் துறைமுகமாகவே குறிக்கிறார். டச்சுக்காரர் வந்து கடை விரிப்பதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரையின் வண்ணத் துணிகள் மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதன் சுவடு இன்றும் அழியவில்லை. மலாய் முஸ்லிம்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது வேறு எதுவுமன்று, நம் பழவேற்காடே. இலங்கையில் அதையே 'பளயகாட்' சாரம் என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் இவ்வூர்க் கைக்குட்டைகளைப் போலவே நெய்து 'புலிக்கேட்' என்ற பெயரிலேயே விற்றனர். ஓர் ஊரின் பெயர் துணியின் பெயராகிக் கடல் கடந்தும் வழங்கியிருக்கிறது. அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது நாம் காட்டுவதோ, அங்கே மாண்டுபோன தளபதிகளின் கல்லறைகளை!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அக்கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் அடிபட்ட ஏழை மக்களை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கு அடிமைகளாக இத்துறையிலிருந்து ஏற்றினார்கள். அவர்களுக்குக் கல்லறை ஏது?

அருங்காட்சியகத்தாரை மட்டும் நோவது நேர்மையாகாது. பழவேற்காட்டில் பள்ளிவாசல் நிழற்கடிகாரத்தையும், நம் சமூகப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு திரும்பும்போது, நம் வீட்டுப் பழைய தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. பினாங்குக்குச் சபர் போய்க் கைலி விற்ற நம் பாட்டனார் அரபுத் தமிழில் எழுதிய கணக்கேடுகள் அதில் இருந்தன. எந்த ஊர்த் துணி, எத்தனை கொடி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவற்றில் இருந்திருக்க வேண்டும். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லாத நிலையில், வெள்ளையடித்த ஒரு பெருநாளின்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டவர்கள் நாம்தாம். எத்தனை கிலோ இருந்தது என்றுகூட இன்று நினைவில்லை. நம் வாசகர்களின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கக்கூடும். இருந்தால், அடுத்த முறை வெள்ளையடிப்பதற்கு முன் அவற்றை ஒருமுறை திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பழவேற்காட்டு வரலாற்றுக்காக ஒரு கூடம் அமைக்கப்படுமானால், அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நடுவில் ஒரு குழித்தறி. சுவரில் ஒரு கட்டம் போட்ட கைலி. அதன் கீழே தமிழிலும் மலாயிலும் அதன் பெயர். கைலிக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். அதே மாவட்டத்தின் மறுகோடியில், ஆர்.கே.பேட்டைச் சுற்றுவட்டாரத்தில், தறிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.