ஒரு நல்ல ஹெல்பரின் அழகு

ஜாவாவில் எழுதுவோர் கையில் அன்றாடம் புழங்கும் கருவிகளுள் ஒன்று, அப்பாச்சி காமன்ஸ் லேங் லைப்ரரியின் ஸ்ட்ரிங்யூட்டில்ஸ் கிளாஸ். அதிலுள்ள இஸ்பிளாங்க் என்ற சிறு மெத்தட் ரசிக்கத்தக்க வேலைப்பாடு. சரம் 'நல்' ஆனாலும், வெறுமையானாலும், இடைவெளிகள் மட்டுமே கொண்டிருந்தாலும் 'காலி' என்று நிதானமாகப் பதில் சொல்லும். 2018இல் ஜாவா 11 அதே பெயரில் ஒன்றைத் தன் ஸ்ட்ரிங் கிளாஸிலேயே சேர்த்தது. ஆனால் 'நல்' வந்தால் அது எக்ஸெப்ஷன் எறிந்துவிடும்.

இஸ்பிளாங்கிற்கும் ஓர் எல்லை உண்டு. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் எழுத்தில், வரி உடையாத இடைவெளி (யூனிகோடில் 160ஆம் எண்) கலந்து வரலாம். இஸ்பிளாங்க் நம்பியிருக்கும் ஜாவாவின் இஸ்வைட்ஸ்பேஸ் மெத்தட் அதை இடைவெளியாகக் கொள்வதில்லை. அதனால், படிவத்தில் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் பெயர்க் கட்டம் நிரம்பியதாகவே கணக்காகும்.

ஸ்ட்ரிங்யூட்டில்ஸை எக்ஸ்டெண்ட் செய்து, இஸ்பிளாங்கைத் திருத்தி எழுதினால் போதும் என்று முதலில் தோன்றும். அது ஏமாற்றும் வழி. இஸ்பிளாங்க் போன்ற ஸ்டேடிக் மெத்தடை ஓவர்ரைடு செய்ய முடியாது, மறைக்கத்தான் முடியும். டிஃபால்ட்இஃப்பிளாங்க் என்ற மற்றொரு மெத்தட், புதிய கிளாஸின் பெயரால் அழைத்தாலும், உள்ளே தாய்க் கிளாஸின் இஸ்பிளாங்கையே கேட்கும். ஒரே பெயரின் கீழ் 'காலி' என்பதற்கு இரண்டு பொருள் குடியேறிவிடும். பிழை தேடுபவருக்கு இதைவிடக் கொடிய இடம் இல்லை. போதாததற்கு, தாய்க் கிளாஸின் பொது மெத்தட்கள் அனைத்தும் புதிய கிளாஸின் வழியாகவும் வெளியே தெரியும்.

இதற்கு மாற்று, தனியாக ஒரு ஹெல்பர் கிளாஸ் எழுதுவது. அதன் நேர்த்தி அடக்கத்தில் இருக்கிறது. ஃபைனல் கிளாஸ், பிரைவேட் கன்ஸ்ட்ரக்டர், 'பெயர் காலியா' என்று கேட்கும் ஒரே மெத்தட். 160ஆம் எழுத்தைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, மற்றதை இஸ்பிளாங்கிடமே ஒப்படைக்கும். பிறர் பல ஆண்டு சோதித்த வேலை வீணாவதில்லை. சொந்த விதியும் ஓரிடத்தில் தெளிவாக நிற்கும். மற்றொரு பயனும் உண்டு. 2011இல் காமன்ஸ் லேங் 3 வெளியானபோது பேக்கேஜின் பெயரே மாறியது. நேரடியாக இம்போர்ட் செய்திருந்த கோப்புகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. ஹெல்பர் வழியாக மட்டும் அழைத்த இடங்களில் அந்த ஒரு கோப்போடு வேலை முடிந்தது.

லைப்ரரிகளும் எக்ஸ்டெண்ட் செய்வதை ஊக்குவிப்பதில்லை. குவாவா என்ற மற்றொரு ஜாவா லைப்ரரியின் ஸ்ட்ரிங்ஸ் கிளாஸ் ஃபைனல். அதை எக்ஸ்டெண்ட் செய்யவே வழியில்லை. ஜாவாபீன் கருவிகளுக்காகத் திறந்து வைக்கப்பட்ட ஸ்ட்ரிங்யூட்டில்ஸின் கன்ஸ்ட்ரக்டரும் இப்போது டெப்ரிகேட் ஆகிவிட்டது, 4.0 பதிப்பில் அதைப் பிரைவேட் ஆக்கும் எண்ணம் அதன் ஆவணத்திலேயே பதிவாகியுள்ளது.